கீழ்ப்பாக்கத்திலிருந்து அவிநாசிபாளையத்துக்கு எவ்வளவு தூரம்?

மனசு சரியில்லை என்று யாராவது சொன்னால், நம்ம ஊர்ப் பக்கம் இன்னும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்றுதான் கிண்டல் செய்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் 200 வருடத்துக்கு மேல் நீளும் வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பார்ப்போமா?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1794-ல், வாலண்டைன் கானலி என்ற மருத்துவர் சென்னையில் ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922-ல் அதற்கு மனநோய் மருத்துவமனை என்று பெயர் வந்தது. பெயர் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. நோயாளிதான் மருத்துவரைத் தேடிப் போக வேண்டும். அவிநாசிபாளையத்திலிருந்து சென்னை 400 கி.மீ.க்கு மேல். போனவர்கள் எத்தனை பேர் இருக்கும்? பக்கத்தில் இருந்தது கோயிலும் தர்காவும் மந்திரிப்பவரும்தான். மூடநம்பிக்கை என்று திட்டுவது சுலபம். அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது?

1970-களில்தான் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் சகல்வாரா என்ற கிராமப்புற மையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் செவிலியருக்கும் பயிற்சி கொடுத்தால், மனநோயை ஊரிலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுக்க முடியும் என்று தெரிந்தது. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பிறகு கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டம் முழுவதும் இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் வந்த மாவட்டம் திருச்சி. நம் ஊர் வழியாகப் போகும் அதே கோவை - திருச்சி சாலையின் மறுமுனை!

ஆனால் திட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மருத்துவம் எட்டாத ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசிப் புகலிடம் அப்படி இருந்தது.

மாற்று வழிகளும் வந்தன. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் வீடியோவில் சென்னை டாக்டர் பேசுவார். அங்கேயே மாத்திரையும் கிடைக்கும். 2022 அக்டோபரில் 14416 என்ற இலவச எண் வந்தது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இவ்வளவும் வந்த பிறகு என்ன குறை என்று கேட்கலாம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று அது சொன்னது.

வணிகவியல் வகுப்பில் "வாய்ப்புச் செலவு" என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைச் செய்வதற்காக இன்னொன்றை இழந்தால், அந்த இழப்பும் செலவுதான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் 19 வயதுப் பையனுக்கு அரசு மருத்துவமனையில் சீட்டு இலவசம், மாத்திரை இலவசம். ஆனால் ஒரு நாள் ஷிப்டு போகும். கூட வரும் அம்மாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். சனிக்கிழமை சம்பளத்தில் அது தெரியும். ஏன் லீவு என்று சூப்பர்வைசர் கேட்டால் என்ன சொல்வது? நூல் மில் விடுதியில் இருக்கும் பெண்ணின் நிலை இன்னும் கஷ்டம். ஒரே அறையில் பலர். 14416-க்குப் போன் செய்தாலும் தனியாகப் பேச இடம் வேண்டுமே!

ஆக, இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். தூரத்துக்கான செலவை நோயாளியின் தலையில் வைத்தவரை மருத்துவம் யாருக்கும் எட்டவில்லை. அந்தச் செலவை அரசோ ஓர் அமைப்போ ஏற்றபோதுதான் எட்டியது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. அதே நியாயம் மனசுக்கும் வேண்டும். ஷிப்டு முடிந்த பிறகு மாலையில், அல்லது ஞாயிற்றுக்கிழமை, நம்ம ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு ஆலோசகர் உட்கார்ந்தால் போதும். 400 கி.மீ. தூரம் ஒரு தெருவாகச் சுருங்கிவிடும்.