வாயிலில் நின்ற அந்நியமொழி: சீனப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் ஆங்கிலக் கிரகித்தல் - ஒரு வரலாற்று நோக்கு

காலியிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள மும்மொழிக் கல்வெட்டினை எம்மவர் பலர் அறிவர். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிற் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு 1409 ஆம் ஆண்டினைக் குறிப்பது. மிங் வமிசப் பேரரசரின் தூதனாகப் பெருங் கடற்படையோடு இந்து சமுத்திரத்தில் வலம் வந்த செங் ஹோவின் பெயரோடு தொடர்புடையது. அதன் தமிழ்ப் பகுதி, தெனாவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் வழங்கிய காணிக்கைகளை நிரல்படுத்திக் கூறுகின்றது. பிறமொழிகளை எழுதவும் வாசிக்கவும் வல்லோர் அன்றே சீன அரசுக்கு வேண்டியவராயிருந்தனர் என்பதற்கு, எமது நாட்டிலேயே உள்ள சான்று இது. ஆயினும் அத்தகையோர் தம் நாட்டில் எத்தகைய மதிப்பினைப் பெற்றிருந்தனர் என்ற வினா எழுகின்றது.

இவ்வினாவை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு நோக்குவோம். 2024 ஆம் ஆண்டு சீனாவிற் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு விண்ணப்பித்தோர் தொகை 1 கோடியே 34 இலட்சத்து 20 ஆயிரம். இவர்கள் யாவரும் அந்நிய மொழியொன்றிற் பரீட்சை எழுதியாதல் வேண்டும். ஆங்கிலம், ருஷ்யம், யப்பானியம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாமெனினும், மிகப் பெரும்பான்மையோர் தெரிவு செய்வது ஆங்கிலத்தையே. மொத்தப் புள்ளிகள் 750 இல் 150 இதற்குரியவை. சீன மொழிக்கும் கணிதத்துக்கும் உரிய அதே நிறை. பல மாகாணங்களிற் பயன்படும் புதிய தேசிய வினாத்தாளில், இந்த 150 புள்ளிகளில் 50, வாசித்துக் கிரகித்தல் என்னும் ஒரு பகுதிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒருகாலத்தில் ஒருசில எழுதுவினைஞரின் தொழிலாகவிருந்த பிறமொழி வாசிப்பு, ஒரு தேசத்தின் இளைஞர் அனைவரும் கடக்கவேண்டிய வாயிலாக மாறியது எவ்வாறு? அம்மாற்றத்தினால் வாசிப்புக்கு நேர்ந்தது யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுதுவினைஞரின் தொழில்

1407 ஆம் ஆண்டில் யொங்லெ பேரரசர் மொழிபெயர்ப்பாளருக்கெனத் தனிக் கல்லூரியொன்றை நிறுவினார். மொங்கோலியம், திபெத்தியம், பாரசீகம், பர்மியம் முதலிய மொழிகள் அங்கு பயிற்றப்பட்டன. திறை செலுத்த வந்த நாடுகளின் ஓலைகளை வாசித்தலும் அவற்றுக்கு மறுமொழி வரைதலுமே அங்கு பயின்றோரின் பணி. அரச பதவிக்கு இட்டுச்செல்லும் பேரரசுப் பரீட்சையிலோ பிறமொழிக்கு இடமே இருக்கவில்லை. கொன்பூசியரின் மரபு நூல்களில் ஆழ்ந்த புலமையே அங்கு அளவுகோலாயிற்று. எட்டு உறுப்புக் கட்டுரை எனப்பட்ட வடிவில், பரீட்சார்த்தி தன் கருத்தைக் கூறாது, பண்டை ஞானியரின் வாயாக நின்று எழுதுதல் வேண்டும். இச்செய்தியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

அபினி யுத்தங்கள் இந்நிலையைக் குலைத்தன. 1858 ஆம் ஆண்டின் தியென்சின் உடன்படிக்கையின்படி, பிரித்தானியர் அனுப்பும் உத்தியோகபூர்வமான கடிதங்கள் ஆங்கிலத்திலேயே அமையும். சிறிது காலத்துக்குச் சீன மொழிபெயர்ப்பும் இணைக்கப்படும். இரண்டிற்குமிடையே முரண்பாடு தோன்றின் ஆங்கில வாசகமே செல்லுபடியாகும். தோல்வியுற்ற நாடொன்று வென்றவனின் வாசகத்தைச் சரியாகக் கிரகிக்கத் தவறின் அதன் விளைவினைத் தானே ஏற்கவேண்டும் என்பதே இதன் பொருள். சீனத்தின் ஆங்கிலக் கிரகித்தற் பயிற்சி இந்த நிர்ப்பந்தத்திலேயே தொடங்கிற்று எனல் மிகையன்று. 1862 இல் பீஜிங்கில் தொங்வென் குவான் என்னும் மொழிக் கல்லூரி பத்து மாணவரோடு தொடங்கப்பட்டது. அங்கு விஞ்ஞானமும் கணிதமும் சேர்க்கப்படவிருந்தவிடத்து, 1867 இல் வோரென் என்னும் பேரமைச்சர் கடுமையாக எதிர்த்தார். அந்நியரை ஆசானாகக் கொள்வது கற்றோர்க்கு இழுக்கென அவர் கருதினார்.

அக்காலத்தின் முரண்பாட்டினை யென் பூ என்பவரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டும். பூசோ கப்பற்றளப் பாடசாலையில் ஆங்கிலத்தின் வாயிலாகக் கல்வி கற்று, பின்னர் இங்கிலாந்தின் கிறீனிச் கடற்படைக் கல்லூரியிற் பயின்று, ஹக்ஸ்லியின் பரிணாமக் கருத்துக்களைச் சீனமொழிக்குத் தந்தவர் அவர். அவருடைய தலைமுறையில் ஆங்கில நூலொன்றை அவரைப்போல் ஆழ்ந்து வாசித்தோர் அரியர். அத்தகையவர் பேரரசுப் பரீட்சையின் மாகாணப் படியில் நான்கு முறை தோற்றிச் சித்தியெய்தாது போனார். அவர் வாசித்தவை வாயிற்காவலர் கேட்டவையல்ல. 1905 இல் அப்பரீட்சை முற்றாக ஒழிக்கப்பட்டது.

வினாத்தாளின் பின்புறம்

1949 இன் புரட்சிக்குப் பின்னர் ஆங்கிலம் பகைவரின் மொழியாகவும் ருஷ்யம் தோழரின் மொழியாகவும் கொள்ளப்பட்டன. 1952 இல் நாடு முழுவதற்குமான புகுமுகப் பரீட்சை உருவாயிற்று. சோவியத்து நாட்டுடனான உறவு கசந்த பின்னர், 1960 களின் முற்பகுதியில், ஆங்கிலம் மீண்டும் தலைதூக்கிற்று. ஆனால் 1966 இற் கலாசாரப் புரட்சி வெடித்ததும் அப்பரீட்சையே கைவிடப்பட்டது.

1973 ஆம் ஆண்டின் கோடையில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் ஈண்டு நோக்கற்பாலன. லியாவொனிங் மாகாணத்தில் சாங் தியெஷெங் என்னும் இளைஞர் பௌதிக இரசாயன வினாத்தாளுக்குப் பெரும்பாலும் விடையளிக்காது, அதன் பின்புறத்திற் கடிதமொன்றை எழுதினார். வயலில் உழைத்த தமக்குப் படிக்க நேரமிருக்கவில்லை என்பது அதன் சாரம். அரசியல் அதிகாரத்திலிருந்தோர் அவரை வீரராக்கினர். அதே கோடையில், ஹெனான் மாகாணத்தின் தாங்ஹெ மாவட்டக் கிராமப் பாடசாலையொன்றில், பதினைந்து வயது மாணவியொருத்தி ஆங்கில வினாத்தாளின் பின்புறத்தில், சீனராகிய தாம் அந்நிய மொழியை ஏன் கற்கவேண்டும் என்ற கருத்துப்படச் சில வரிகளைக் கிறுக்கினாள். பாடசாலையார் அவளைக் கண்டித்துத் தன் தவறினை எழுதித்தருமாறு பணித்தனர். அவள் நீரில் வீழ்ந்து உயிர்துறந்தாள். அடுத்த ஆண்டு இந்நிகழ்ச்சியை மாஓவின் மனைவியான சியாங் சிங் நாடளாவிய பிரசாரமாக்கினார். அப்பாடசாலையின் அதிபரும் வகுப்பாசிரியரும் சிறையிலிடப்பட்டனர். ஆங்கிலம் கற்பிப்பதே ஆபத்தானது என்ற அச்சம் ஆசிரியரிடையே பரவிற்று.

இச்சிறுமியின் மரணத்தை ஒரு சாரார் ஆங்கிலத்துக்கு எதிரான சான்றாகக் கொண்டனர். பின்வந்தோர் அக்காலத்து மூடத்தனத்துக்குச் சான்றாகக் கொண்டனர். அவள் அறியவிரும்பியது தான் ஆங்கிலம் கற்பதற்குரிய காரணத்தையே. அவ்வினாவுக்கு எவரும் விடையளித்ததாகத் தெரியவில்லை.

பத்தாண்டில் நேர்ந்த திருப்பம்

1977 ஓகஸ்டில் டெங் சியாவோபிங் கூட்டிய கல்வி, விஞ்ஞான மாநாட்டின் பயனாகப் பரீட்சை மீட்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் சுமார் 57 இலட்சம் பேர் தோற்றினர். இடம் பெற்றோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் பேரே. அப்போது அந்நிய மொழியைத் துறையாகத் தெரிவு செய்தோர்க்கு மாத்திரமே அதிற் பரீட்சை நடைபெற்றது. 1978 இல் அது நாடு தழுவிய வினாத்தாளில் இடம்பெற்றதெனினும் புள்ளிகள் கூட்டப்படவில்லை. 1979 இல் முதன்மைப் பல்கலைக்கழகங்கள் அப்புள்ளியில் 10 வீதத்தைக் கணக்கிற் கொண்டன. 1980 இல் 30 வீதம், 1981 இல் 50 வீதம், 1982 இல் 70 வீதம் என அது உயர்ந்து, 1983 இல் நூறு வீதமும் கூட்டப்பட்டது.

ஆங்கில வினாத்தாளின் பின்புறத்தில் எழுதப்பட்ட வரிகளுக்காக ஆசிரியர் சிறை சென்றதற்கும், ஆங்கிலமின்றிப் பல்கலைக்கழகம் செல்லுதல் அரிது என்ற நிலைக்கும் இடைப்பட்டது பத்தாண்டே. மேலைநாட்டு விஞ்ஞான, தொழினுட்ப நூல்களை வாசிக்க வல்லோர் நாட்டின் நவீனமயமாக்கலுக்கு வேண்டும் என்பதே இத்திருப்பத்தின் அடிப்படை. அதனைப் படிப்படியாகச் செய்தமை, ஆசிரியரும் நூல்களுமற்ற கிராமப் பாடசாலைகளுக்கு அவகாசம் அளித்தது. எனவே, ஒரு பாடத்தின் புள்ளி நிறை என்பது வெறும் எண்ணன்று. இளைஞர் எத்திசையை நோக்கவேண்டும் என அரசு செய்யும் தீர்மானத்தின் குறியீடாகும்.

வினாத்தாளின் உருமாற்றம்

தொடக்ககால வினாத்தாள்கள் இலக்கண விதிகளையும் மொழிபெயர்ப்பையுமே பெரிதும் சோதித்தன. 1985 இல் குவாங்டொங் மாகாணத்தில் நியமப்படுத்திய ஆங்கிலப் பரீட்சை பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. குவாங்சோ அந்நிய மொழிகள் நிறுவகத்தைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் குயி ஷிச்சுன் இதற்கு முன்னோடியானார். விதியை ஒப்புவித்தலன்று, மொழியைப் பயன்படுத்தலே சோதிக்கப்படவேண்டும் என்பது புதிய கொள்கை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாக்களைப் பொறி திருத்தும். இலட்சக்கணக்கானோர் தோற்றும் நாட்டில் இது பெரும் வசதி. இவ்விரு காரணங்களினாலும் வாசிப்புப் பகுதி வளர்ந்து வந்தது.

இன்று மாணவர் நான்கு பந்திகளை வாசித்துப் பதினைந்து வினாக்களுக்கு விடையளிப்பர். முதலாவது பெரும்பாலும் அறிவித்தல் அல்லது விளம்பரம்; இரண்டாவது ஒருவரின் அனுபவக் கதை; ஏனையவை விஞ்ஞானமோ சமூகமோ பற்றியவை. இவற்றோடு, ஐந்து வாக்கியங்கள் நீக்கப்பட்ட கட்டுரையொன்றில் ஏழு வாக்கியங்களுள் ஐந்தைத் தெரிந்து இட்டு நிரப்பும் பகுதியும் உண்டு. ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டரைப் புள்ளி.

இப்பகுதி கிராமப்புற மாணவனுக்குச் செய்த உதவியை மறுத்தலாகாது. பேச்சுக்குப் பேசுவோர் வேண்டும். கேட்டலுக்குக் கருவி வேண்டும். கேட்டற் பகுதி 1990 களின் இறுதியிலேயே புகுத்தப்படலாயிற்று. பேச்சு இன்றும் பெரும்பாலான மாகாணங்களில் மொத்தப் புள்ளியிற் சேர்வதில்லை. வாசிப்புக்கோ அச்சிட்ட தாளும் அகராதியும் விளக்கொளியும் போதுமானவை. ஆங்கிலேயரையே கண்டிராத மலைக்கிராமத்துப் பிள்ளையும் தன் உழைப்பால் ஈட்டக்கூடிய புள்ளிகள் இவை. ஆயினும் அரும்பொருட்காட்சிச்சாலை நுழைவுக் கட்டணம், வெளிநாட்டு உல்லாசப் பயணம் ஆகியன பற்றிய பந்தியொன்று நகரத்துப் பிள்ளைக்குப் பழகிய உலகம். கிராமத்துப் பிள்ளைக்கு அது மொழியோடு சேர்த்துக் கற்கவேண்டிய இன்னொரு பாடம்.

வினாக் கடல்

பரீட்சையின் நிறை ஏறியதோடு பயிற்சியும் பெருகிற்று. சுமார் 3500 சொற்கள் கொண்ட பட்டியலை மனனஞ் செய்தலும், கடந்தகால வினாத்தாள்களையும் மாதிரி வினாத்தாள்களையும் நாள்தோறும் செய்தலும் உயர்தர வகுப்பின் வாழ்க்கையாயின. சீனர் இதனை ‘வினாக் கடல் தந்திரம்’ என்பர். இப்பயிற்சியில் ஒரு தனிக்கலை வளர்ந்தது. பந்திக்கு முன் வினாவை வாசித்தல், வினாவிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடுதல், ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்களைக் கொண்ட விடைகளை ஐயுறுதல் என்பன அதன் விதிகள். பந்தியை முழுதும் வாசிக்காமலே புள்ளி பெறும் வழியும் இதனுள் அடங்கும்.

உதாரணமாக, பழுதான கடிகாரத்தைத் திரும்பத் திரும்பச் சீர்செய்யும் முதியவர் ஒருவரைப் பற்றிய பந்தி வருவதாகக் கொள்வோம். அவர் செயல் எதனைக் காட்டுகின்றது என்பது வினா. பொறுமை, இறந்த மனைவியின் நினைவு, தனிமை, தொழிற்பற்று என்பன விடைகள். உண்மையான வாசகன் இரண்டு மூன்றினை ஏற்பான். பயின்ற மாணவனோ தன் மனத்தை வினவுவதில்லை. வினாத்தாள் தயாரித்தவர் எதனை எண்ணியிருப்பார் என்றே வினவுவான். ஞானியரின் வாயாக நின்று எழுதிய பழைய பரீட்சார்த்தியின் நிழலை இங்கு காண்கிறோம். இது ஆங்கிலத்துக்கு மாத்திரம் உரிய நோயன்று. 2017 இல் செஜியாங் மாகாணத்தின் சீனமொழி வினாத்தாளில் ஒரு சிறுகதையின் முடிவு பற்றிய வினா கேட்கப்பட்டபோது, அதற்குரிய விடை தமக்கே தெரியாதென அக்கதையின் ஆசிரியர் கூறினார்.

ஒரு புள்ளியின் கனம் எத்தகையது என்பதை அதே மாகாணத்தின் பிறிதொரு நிகழ்ச்சி காட்டும். 2018 நவெம்பரில் அங்கு நடைபெற்ற ஆங்கிலப் பரீட்சை கடினமாயிருந்ததெனக் கூறி, சில வினாக்களின் புள்ளிகளை அதிகாரிகள் நிறையேற்றித் திருத்தினர். மாணவரும் பெற்றோரும் கிளர்ந்தெழுந்தனர். விசாரணையின் பின்னர் அத்தீர்மானம் தவறெனக் கொள்ளப்பட்டு, டிசெம்பரில் மூலப் புள்ளிகளே மீளளிக்கப்பட்டன. தரப்படுத்தல் என்னும் சொல்லின் பொருளை அனுபவத்தால் அறிந்த எமக்கு அப்பெற்றோரின் சினம் விளங்காததன்று.

முடிவுரை

ஆங்கிலத்தின் நிறையைக் குறைக்கவேண்டும் என்ற குரலும் சீனாவில் ஓயவில்லை. 2013 இல் பீஜிங் மாநகரம் ஆங்கிலத்தின் 150 புள்ளிகளை 100 ஆகக் குறைத்து, சீன மொழிக்கு 180 வழங்கும் வரைவொன்றை வெளியிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. எனினும் நாட்டின் தன்னம்பிக்கை வளருந்தோறும் இக்குரல் எழும். உலகச் சந்தையின் தேவை மிகுந்தோறும் அது அடங்கும்.

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். 1407 இலும், 1862 இலும், 1983 இலும் அந்நிய மொழி வாசிப்பை அரசே வேண்டிற்று. 1973 இல் அதனை அரசே வெறுத்தது. எக்காலத்திலும் வாசிக்கும் பிள்ளையின் விருப்பம் கணக்கிற் கொள்ளப்படவில்லை. ஆயினும் பரீட்சைக்காக வாசித்த பந்தியொன்றில், எவரும் எதிர்பாராதவாறு, ஒரு மாணவன் தன்னை மறந்து ஈடுபடுதல் கூடும். நான்கு விடைகளுள் அடங்காத ஐந்தாவது விடையொன்று அவனுக்குத் தோன்றுதலும் கூடும். அந்த விடைக்குப் புள்ளியில்லை. ஆனால் யென் பூ வாசித்தது அத்தகைய வாசிப்பே. அவர் நான்கு முறை தோற்ற பரீட்சை ஒழிந்துபோயிற்று, அவர் மொழிபெயர்த்த நூல்களோ நிலைத்தன. ஒரு கிரகித்தற் பரீட்சையின் தகுதியை அளக்க வேண்டின், எத்தனை பேர் சித்தியெய்தினர் என்பதை மாத்திரம் எண்ணுதல் போதாது. பரீட்சை முடிந்த மறுநாள், வினாத்தாள் இல்லாதவிடத்தும், எத்தனை பேர் அம்மொழியில் ஒரு நூலை விரித்தனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஹெனான் மாகாணத்துச் சிறுமி எழுப்பிய வினாவுக்கு உரிய விடை, அங்ஙனம் தாமாக விரிக்கும் நூலிலேதான் உண்டு.