திருத்தணி மலைக்கு நடந்து காவடி எடுத்துச் செல்லும் நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

ஆடிக் கிருத்திகையை ஒட்டித் திருவாலங்காடு, கனகம்மாசத்திரம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும், ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் பக்தர்கள் நடந்தே திருத்தணியை அடைகின்றனர். திருவாலங்காட்டிலிருந்து மலையடிவாரம் ஏறத்தாழ 15 கி.மீ. அங்குச் சரவணப் பொய்கையில் நீராடல். அதன்பின் காவடியையோ பால்குடத்தையோ சுமந்து 365 படிகள். பெரும்பாலோர் நோன்பிருப்பர், வெறுங்காலுடன் நடப்பர்.

மருத்துவ நோக்கில் இவை ஒன்றன்பின் ஒன்றாக உடலின்மீது ஏறும் மூன்று சுமைகள் ஆகும். நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின்னர் ஓடும் டிரையத்லான் என்ற விளையாட்டுப் போட்டி உலகின் பல நாடுகளில் நடைபெறுகிறது. அதில் பங்கேற்போர் பல மாதங்கள் பயிற்சி பெறுகின்றனர். வழியில் உணவும் நீரும் எடுத்துக்கொள்கின்றனர். அதை நினைவூட்டும் ஓர் உழைப்பை, நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சியின்றி, வெறும் வயிற்றுடன் மேற்கொள்கிறார். ஆகவே முடிவுகள் பலவற்றை வீட்டிலேயே, குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

மருத்துவரை முன்னதாகக் காண வேண்டியவர்கள்

இதய அடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், ஆஸ்துமா, வலிப்பு நோய் உள்ளவர்கள், இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஒப்புதலின்றிப் புறப்படக் கூடாது. மற்றவர்களும் தங்களைத் தாங்களே எளிதாகச் சோதித்துக்கொள்ளலாம். நிற்காமல் இரண்டு மாடிப் படிகள் ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, பேச முடியாத மூச்சிரைப்போ ஏற்பட்டால், 365 படிகளைப் பற்றி நினைக்கும் முன் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். அத்தகைய அறிகுறி இல்லாதவர்கள் மூன்று வாரங்கள் நாள்தோறும் நடந்து, தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வரலாம்.

நோன்பும் மாத்திரைகளும்

விழாக் காலங்களில் நிகழும் மயக்கங்களுள் பல இங்கிருந்தே தொடங்குகின்றன. காலையில் வழக்கமான மாத்திரையை உட்கொண்டு, உணவைத் தவிர்த்து, நான்கு மணி நேரம் நடந்தால் என்ன நேரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் உணவு இல்லாத நிலையிலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். நடக்கும் தசைகளும் சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். தொடையில் இன்சுலின் செலுத்திவிட்டு நடந்தால் மருந்து வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்தில் கலக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேறு விதமான இடரைத் தருகின்றன. நோன்பும் நீரிழப்பும் சேரும்போது, இரத்தச் சர்க்கரை மிக அதிகமாகக் காட்டாத நிலையிலேயே உடலில் அமிலம் பெருகக்கூடும். இவற்றை எத்தனை நாள்களுக்கு முன் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரே கூற வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும் சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் நீரிழப்பின்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்திச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இவற்றுடன் கால்வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளை உட்கொள்வது மிகவும் தீங்கானது. வழியில் யாரேனும் அன்புடன் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அதற்காக எந்த மருந்தையும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. இதய நோயாளி ஒரு நாள் மாத்திரையைக் கைவிடுவதும் ஆபத்தே. மருந்துச் சீட்டை எடுத்துச் சென்று, “அன்று உண்ணாமல் இவ்வளவு தூரம் நடப்பேன்” என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறுங்கள். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சிச் சிலர் இதை மறைத்துவிடுகின்றனர். நோன்பிருப்பது தெரியாத மருத்துவரால் அளவை மாற்றித் தர இயலாது. பால், பழம் மட்டும் உட்கொள்ளும் நோன்பு உங்கள் குடும்பத்தில் ஏற்கப்படுமானால், நீரிழிவு உள்ளவர்கள் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

குளுக்கோமீட்டர் வைத்திருப்போர் புறப்படும் முன்பும், வழியில் மணிக்கொருமுறையும், படியேறும் முன்பும் சோதித்துக்கொள்ள வேண்டும். 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால் சிறிது உண்ட பின்னரே நடக்க வேண்டும். 70-க்குக் கீழ் இறங்கினாலோ, நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினாலோ உடனே அமர்ந்து, 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அட்டினலால், மெட்டோபுரோலால் உட்கொள்வோருக்குப் படபடப்பு என்ற எச்சரிக்கை தோன்றாமல் போகலாம். வியர்வையைக் கவனிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பாதங்கள்

தலையால் நடந்து வந்ததாகப் போற்றப்படும் காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டிலிருந்து புறப்படுவோரிடம் காலணி அணியுமாறு கூறுவது எளிதன்று. எனினும் நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவருக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் புண்ணான பிறகே தெரியும். உணர்வை அளக்கும் எளிய இழைச் சோதனை பல அரசு மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. உணர்வு குறைந்தவர்கள் சாலையில் பழகிய காலணியுடன் நடந்து, அடிவாரத்தில் கழற்றலாம். அதற்கு மனம் இசையாவிடில் கனமான பருத்திக் காலுறை அணிந்து, காலை 9 மணிக்குள் நடையை முடித்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் ஏற்கெனவே புண் உள்ளவர்கள் நடந்து செல்லக் கூடாது.

எவ்வளவு நீர் அருந்துவது?

திருத்தணி, கோடையில் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் பதிவாகும் ஊர். ஆடியில் வெயில் சற்றுத் தணிந்தாலும் புழுக்கம் நீடிக்கும். வியர்வை எளிதில் உலராது. தாகம் தோன்றும்போதெல்லாம் சிறிது சிறிதாக அருந்துங்கள். நீரை மட்டும் லிட்டர் கணக்கில் வலிந்து குடிப்பதும் தவறே. தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூர ஓட்டங்களில் அவ்வாறு குடித்தவர்களுக்கு இரத்தத்தில் உப்பு குறைந்து குழப்பமும் வலிப்பும் ஏற்பட்டதை மருத்துவர்கள் 1985-இல் வெளியிட்டனர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைத்துப் பயன்படுத்த வேண்டும். அதிலும் சர்க்கரை உண்டு என்பதை நீரிழிவு உள்ளவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோரும் இதயச் செயலிழப்பு உள்ளோரும் தங்களுக்குக் குறிக்கப்பட்ட நீர் அளவை மீறக் கூடாது. அந்த அளவுடன் வெயிலில் நடப்பதே அவர்களுக்கு உகந்ததன்று.

பொய்கையிலும் படிகளிலும்

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நிகழ்ந்த 135 இறப்புகளையும் இதய நிறுத்தங்களையும் ஆராய்ந்தபோது, 90 நிகழ்வுகள் நீச்சலின்போது ஏற்பட்டவை எனத் தெரிந்தது. பயிற்சி பெற்ற உடலுக்கும் நீரும் நெரிசலும் பரபரப்பும் சேர்வது கடினம். நடந்து வந்த களைப்புடன் உடனே குளத்தில் இறங்காமல், அரை மணி நேரம் நிழலில் அமருங்கள். படியில் நின்று நீரை முகந்து ஊற்றிக்கொள்வதே போதுமானது. வலிப்பு நோய் உள்ளவர்கள் நீரில் இறங்கவே கூடாது.

படியேறுகையில் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பின்னால் வரும் கூட்டத்தின் வேகம் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். நெஞ்சு, தாடை, இடது கை ஆகியவற்றில் வலியோ அழுத்தமோ ஏற்பட்டால் காவடியை உடன் வருபவரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே அமர்ந்து 108-ஐ அழைக்க வேண்டும். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. மலை உச்சிவரை வாகனப் பாதையும் உள்ளது. அதில் சென்றால் வேண்டுதல் நிறைவேறுமா என்பதற்கு மருத்துவரால் விடை கூற இயலாது. அதைக் குடும்பத்துப் பெரியவர்களுடன் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். படியின் நடுவில் நின்று முடிவெடுக்க நேர்ந்தால், பெரும்பாலோர் மேலே ஏறவே முடிவெடுக்கின்றனர்.

வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் அலகு குத்திக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

உடன் செல்பவருக்கு

நோயாளியின் பெயர், நோய், மருந்துகள், உங்கள் கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதி அவரது சட்டைப் பையில் வையுங்கள். கூட்டத்தில் இருவரும் பிரிய நேரிடும். இருளில் நடப்பதாயின் வாகனங்கள் எதிரே வரும் பக்கத்தில், வெளிர் நிற ஆடையுடன் நடக்க வேண்டும்.

அவர் தொடர்பின்றிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடல் கொதித்தாலோ, அதை அருள் வந்த நிலை என எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அது வெப்பத் தாக்காக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, தலை முதல் கால்வரை நீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும்; பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வைக்கலாம். பாராசிட்டமால் இங்குப் பயன்படாது. வியர்த்திருப்பதால் வெப்பத் தாக்கு இல்லை என்று கருதிவிடக் கூடாது. சர்க்கரை குறைந்தாலும் இதே போன்ற குழப்பம் தோன்றும். கருவி இருந்தால் உடனே சோதியுங்கள்.

வீடு திரும்பிய இரவிலும் சர்க்கரை தாழக்கூடும்; படுக்கும் முன் ஒருமுறை சோதித்து, உணவு கொடுங்கள். பாதங்களை ஒரு வாரம் நாள்தோறும், விரல் இடுக்குகள் உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வந்தாலோ, மிகக் குறைந்தாலோ, மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.