பதிவேட்டில் ஏறாத பசி: சென்னை மாகாணத்தின் ஊர் இறப்புப் பதிவுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சிற்றூர்களில் இறப்பைப் பதிந்தவர் மருத்துவர் அல்லர். நிலவரி தண்டிய ஊர்த்தலைவரான கிராம முன்சீப்பே. இறந்தவரை நோயில் பார்த்திராத அவர், வீட்டாரும் அயலாரும் சொல்வதைக் கேட்டு, அரசு வகுத்த சில தலைப்புகளுள் ஒன்றில் அம்மரணத்தைச் சேர்த்தார். வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், வயிற்று நோய்கள், காயங்கள், பிற காரணங்கள் என்பவை அத்தலைப்புகள்.

முதலிரண்டும் ஓரளவு நம்பத்தக்கவை. அம்மைக் கொப்புளத்தை அறிய மருத்துவக் கல்வி வேண்டியதில்லை. காய்ச்சல் அத்தகையதன்று. மலேரியா, நிமோனியா, குடற்காய்ச்சல், பேறுகாலத்துக்குப் பின் தாய்க்கு வரும் காய்ச்சல் அனைத்தும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கின. உடல் சுட்டது என்பதற்குமேல் அச்சொல் எதையும் உணர்த்தவில்லை எனலாம்.

இவ்வகைப்பாட்டின் குறை, தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) கொடியதாயிற்று. பட்டினிக்கெனத் தலைப்பு இல்லை. பசியால் நலிந்தோர் பெரும்பாலும் பேதியோ காய்ச்சலோ கண்டே இறுதியில் இறந்தனர். ஏட்டில் ஏறியதும் அதுவே. முன்சீப் பொய் எழுதினார் என்பதற்கில்லை. படிவம் கேட்டதற்கு விடையளித்தார். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலையாட்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்னும் அளவுக்குக் குறைத்தபோது, உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்தார். இவ்வழக்கில் 'பேதி' என்ற பதிவு எத்தரப்புக்குத் துணைநின்றது என்பது வெளிப்படை: மரணம் நோயால் நேர்ந்தது எனில் கூலியின் அளவு கேள்விக்குள்ளாவதில்லை.

ஆளும் நாட்டிலேயே இப்பூசல் முன்னர் எழுந்திருந்தது. இங்கிலாந்தின் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார், 1839இல் வெளியான அறிக்கையில் 63 மரணங்களைப் பட்டினியின்பாற் படுத்தினார். ஏழையர் சட்ட ஆணையத்தின் செயலர் எட்வின் சாட்விக் அதனை மறுத்தார். அங்கு அச்சொல் ஏட்டில் இருந்தமையால்தான் மறுக்கவேனும் முடிந்தது.

ஆகவே பஞ்ச ஆண்டுகளின் ஏடுகளைக் காரணத் தலைப்புகளைக் கொண்டு படிப்பதைவிட, மொத்த இறப்பை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் படிப்பதே தகும். அம்மொத்தமும் குறைவானதே. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் சென்று வழியில் மாண்டவருள் பலர் புறப்பட்ட ஊரின் ஏட்டிலும் இல்லை, விழுந்த ஊரின் ஏட்டிலும் இல்லை.