எந்த ஊரில் மனு போடுவது?

சித்தி இறந்தபோது சான்றிதழுக்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'கணவர் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளாகச் சித்தி அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வந்ததில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் சித்தி அவருடைய மனைவியாகவே இருந்தார், மனைவியாகவே இறந்தார். பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சித்தி மணமுறிவு கேட்காமல் இருந்தவர் இல்லை. 1979-இல் கல்யாணம். 1986-இல் கை எலும்பு முறிந்த நிலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். 1988-இல் மனு போட்டார். மூன்று ஆண்டுகளில் பதினான்கு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரவுப் பேருந்தில் எட்டு மணி நேரப் பயணம். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்ததால் ஒவ்வொரு முறையும் விடுப்புக்குக் கெஞ்ச வேண்டும். துணைக்குத் தாத்தா போவார். தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் சித்தியும் போவதை நிறுத்திக்கொண்டார். மனு தள்ளுபடியானது.

அந்த வழக்கை ஏன் எட்டு மணி நேரம் தள்ளியிருந்த ஊரில் போட வேண்டியிருந்தது? சின்ன வயதில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. சட்ட வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகுதான் தோன்றியது. அப்போது தெரிந்தது, நம் நாட்டில் மணமுறிவின் வரலாறே 'எங்கே' என்ற கேள்வியின் வரலாறுதான் என்று. ஒரு பெண் எந்தச் சாதியில், எந்த மதத்தில், எந்த எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தாள் என்பதே அவளுக்குக் கதவு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

முதலில் சாதி. இந்து மதத்தில் மணமுறிவே கிடையாது என்று சொல்வதுண்டு. அது மேல்சாதி சாத்திரத்தின் கூற்று. தமிழ்நாட்டில் உழைக்கும் சாதிகள் பலவற்றில் 'தீர்த்துக்கொள்வது' வழக்கமாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாலியைத் திருப்பிக் கொடுத்து, கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டு, பெண் வேறொருவரைக் கட்டிக்கொள்வாள். 'அறுத்துக் கட்டுவது' என்று அதற்குப் பெயர். பிறகு அதுவே வசைச் சொல்லாயிற்று. கொஞ்சம் நிலமும் படிப்பும் சேர்ந்த குடும்பங்கள், 'நாங்கள் அறுத்துக் கட்டுகிற சாதி இல்லை' என்று சொல்வதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டன. சாதி ஏணியில் ஒரு படி ஏறுவதற்கான விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். சித்தி வீடு திரும்பியபோது என் பாட்டி சொன்னதும் இதே வார்த்தைதான்.

அடுத்து மதம். கிறிஸ்தவர்களுக்கு 1869-லேயே இந்திய விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கணவன், மனைவியின் பிறழுறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ கணவனின் பிறழுறவோடு கொடுமையையோ இரண்டு ஆண்டுக் கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை நீங்க 2001 வரை ஆயிற்று. முஸ்லிம் பெண்களுக்கு 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் கிடைத்தது. கணவன் இரண்டு ஆண்டுகள் பராமரிக்காவிட்டால், நான்கு ஆண்டுகள் இருப்பிடமே தெரியாமல் போனால், கொடுமை செய்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1940-இல் ஒரே தெருவில் அடிபட்ட இரண்டு பெண்களில் முஸ்லிம் பெண் மனு போட முடிந்தது. வழக்காற்று உரிமையும் இல்லாத பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

இனி எல்லைகள். கோவாவை ஆண்ட போர்ச்சுக்கல், 1910-இல் குடியரசான கையோடு விவாகரத்துச் சட்டம் இயற்றியது. அது கோவாவுக்கும் வந்தது. இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவதற்கும் அதில் இடம் இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் அதே வசதி வர 1976 ஆயிற்று. கோவாவிலும் கதவு திறந்தே இருந்துவிடவில்லை. தேவாலயத்தில் மணம் முடித்த கத்தோலிக்கர்களுக்கு 1946-இல் அது சாத்தப்பட்டது.

பரோடா சமஸ்தானம் 1931-இல் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இந்துக்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. பரோடாவின் எல்லைக் கல்லைத் தாண்டினால் உரிமை முடிந்துவிடும்.

நம் சென்னை மாகாணத்துக்குள்ளேயே இரண்டு உலகங்கள் இருந்தன. மலபார் அப்போது இந்த மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே தாய்வழிக் குடும்பங்களுக்காக 1932-இல் மருமக்கத்தாயச் சட்டம் இயற்றப்பட்டது. கணவனோ மனைவியோ மனு கொடுக்கலாம். ஆறு மாதம் காத்திருந்து, மனுவைத் திரும்பப் பெறாவிட்டால் திருமணம் முறியும். யார் மேலும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை, அடிபட்ட தழும்பைக் காட்ட வேண்டியதில்லை. அதே மாகாணத்தில் 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சேர்ந்து வாழ விரும்பாத ஆணும் பெண்ணும் விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மலபாருக்கு வெளியே இருந்த இந்துப் பெண்கள் இருபது ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1949-இல்தான் சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுக்கவும் விவாகரத்து வழங்கவும் சட்டம் வந்தது. அதற்கு முன் பம்பாய் 1947-இல் இயற்றியிருந்தது. பின்னர் சௌராஷ்டிரா 1952-இல் இயற்றியது. மற்ற மாநிலங்களில் இருந்தவர்கள் தில்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தில்லியில் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவோடு போராடி, அது கிடப்பில் போடப்பட்டதும் 1951-இல் பதவி விலகினார். அந்த மசோதா துண்டு துண்டாக உடைக்கப்பட்டு, அதில் ஒரு துண்டாக 1955-இல் இந்து திருமணச் சட்டம் நிறைவேறியது. பம்பாய், சென்னை, சௌராஷ்டிரா சட்டங்களை நீக்குவதாக அதன் கடைசிப் பிரிவு பட்டியல் போட்டது. வழக்காறுகளும் தனிச் சட்டங்களும் தந்த மணமுறிவு உரிமையை மட்டும் இன்னொரு பிரிவில் காப்பாற்றி வைத்தது.

இனி எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி என்று நினைத்தால், அதுவும் நடக்கவில்லை. ஜம்மு காஷ்மீருக்கு இந்தச் சட்டம் செல்லவில்லை, அங்கே தனிச் சட்டம். மேலும் 1955 சட்டத்தில் கொடுமையும் கைவிடலும் விவாகரத்துக்குக் காரணங்களாகவே இல்லை. அடிபட்டவள் முதலில் 'நீதிமன்றப் பிரிவினை' வாங்க வேண்டும். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் காத்திருந்து விவாகரத்து கேட்க வேண்டும். உத்தரப் பிரதேசம் 1962-இல் தன் மாநிலத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் செய்து, கொடுமையை நேரடிக் காரணமாக்கியது. ஆக, பதினான்கு ஆண்டுகள் லக்னோவில் அடிபட்டவளுக்கு ஒரு வழக்கு, மதுரையில் அடிபட்டவளுக்கு இரண்டு வழக்கு. 1976 திருத்தம்தான் இதை நாடு முழுவதற்கும் சமன் செய்தது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் வரை மனுவே போடக் கூடாது என்றிருந்ததையும் அது ஓராண்டாகக் குறைத்தது.

சித்தி மனு போட்டது 1988-இல். அதற்குள் கொடுமை ஒரு காரணமாகிவிட்டது. கை முறிந்ததற்கு மருத்துவச் சீட்டு இருந்தது. மாநில எல்லை எதுவும் குறுக்கே இல்லை. சட்டத்தின் வாசகம் முழுக்க அவர் பக்கம்தான்.

ஆனால் மனுவை எங்கே போடுவது என்பதற்கு அதே சட்டத்தில் 19-ஆம் பிரிவு இருக்கிறது. திருமணம் நடந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். பொதுவாக இந்த மூன்றில் ஒன்றில்தான் வழக்குத் தொடுக்க முடியும். சித்தியின் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. சேர்ந்து வாழ்ந்ததும் அங்கேதான். கணவர் வசித்ததும் அங்கேதான். சட்டம் மூன்று வாசல் வைத்திருந்தது, மூன்றும் அந்த மனிதரின் தெருவில் திறந்தன.

பார்ப்பதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான விதிதான். ஆனால் கல்யாணத்தால் ஊர் மாறுகிறவள் பெண். உறவு முறிந்தால் ஊர் திரும்புகிறவளும் அவள்தான். அவள் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது சட்டம் எழுதியவர்கள் கண்ணில் படவே இல்லை. நடுநிலையாக எழுதப்பட்ட ஒரு விதி யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்கப் பழக வேண்டும் என்று என் மாணவிகளிடம் நான் சொல்வது இதனால்தான்.

2003-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது. மனைவி மனுதாரராக இருந்தால், மனு போடும் தேதியில் அவள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே மாற்றம் செய்யப்பட்டது. சித்தி கடைசி வாய்தாவுக்குப் போய்வந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தத் திருத்தத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நீதிமன்றம் நகரப் பேருந்தில் இருபது நிமிடம். நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு சொன்னபோது அவருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. "இனிமே எதுக்குடி, நீ தெரிஞ்சு வச்சுக்கோ" என்றார்.

தெரிந்து வைத்துக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்தத் திருத்தம் மனைவி மனு போட்டால்தான் உதவும். கணவன் முந்திக்கொண்டு தன் ஊரில் மனு போட்டால், அவள் அங்கே போக வேண்டும், அல்லது வழக்கை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். கணவன் பெங்களூரிலும் அவள் திருநெல்வேலியிலும் இருந்தால், அந்த மாற்றத்தைக் கேட்க உச்ச நீதிமன்றத்துக்கே, அதாவது தில்லிக்கே போக வேண்டும். இப்படி மாற்றல் கேட்டுப் பெண்கள் இன்றும் அங்கே மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பரோடாவின் எல்லைக் கல் இன்று இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் இருந்த காரணப் பட்டியல்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. பேருந்துக் கட்டணமும், ஒரு நாள் கூலியும், துணைக்கு யார் வருவார்கள் என்ற கேள்வியும் அப்படியே இருக்கின்றன. அதனால், பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், காரணம் என்ன என்று அவளைக் குடைவதை விடுங்கள். உன் ஊரிலேயே மனு போடலாம் என்பதை முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். என் சித்திக்கு அதைச் சொல்ல நேரத்துக்கு ஆளில்லாமல் போயிற்று.