ஊசி தைத்த புறா

காவிரி நாட்டில் வழிவழியாக வழங்கும் கதையொன்று: தஞ்சை அச்சுதப்ப நாயக்கர் தீராப் பிணியுற்றார். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்கள் அரண்மனையில் ஊசிகள் தைத்த புறாவொன்றைக் கண்டு, அவற்றைக் களைந்தார்கள். மன்னர் நலமுற்று, நாகூரில் நிலமளித்தார்.

16ஆம் நூற்றாண்டுக்குரிய இச்செய்திக்குச் சான்று யாது என வினவுவோரை நாம் குறை கூறோம். கதை மார்க்கக் கொள்கைக்கு ஆதாரமாகாது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய 131 அடி மினாரா, அரசர்தம் கொடைக்குச் சான்று பகரும். ஆனால் கொடுத்த நெஞ்சத்தின் நிலையைக் கல் உரைக்குமோ?

திருமறை யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை உரைப்பதும் நாம் படிப்பினை பெறவே. புறாவின் கதை தரும் படிப்பினை இது: பிறிதோர் உயிரில் தைத்த ஊசியே நமக்குப் பிணியாகும். தலைமடையில் நீரை மறித்துக் கடைமடை வயல்களைக் காயவிடுவோர் இதனைச் சிந்திப்பாராக!