விதியை முடிவுசெய்வது யார்? முகப்பு நிரலாக்க விதிமுறைகளின் வளர்ச்சி

முன்னுரை

மென்பொருள் அணியொன்று முகப்பு நிரலுக்கு விதிமுறை வகுக்க அமர்ந்தால், எந்த விதி சிறந்தது என்ற விவாதமே முதலில் எழும். இத்துறையின் வரலாறு காட்டுவதோ வேறு. விதி எவ்வளவு நல்லது என்பதைவிட, அதை முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே அதன் பரவலைத் தீர்மானித்தது. அவ்வுரிமை கருவியை எழுதிய தனிமனிதரிடமிருந்து அணிக்கும், பின் ஒரு பகுதி மட்டும் கருவிக்கும் கைமாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மொழியின் தாராளம்

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக், முகப்பு நிரலின் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் உருவாக்கினார். அரைப்புள்ளி விடுபட்டாலும் பொறுத்துக்கொள்ளும் மொழி அது. பல இடங்களில் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். இத்தாராளம் ஆபத்தாகவும் முடியும். ‘ரிட்டர்ன்’ என்று எழுதி, திருப்பியனுப்ப வேண்டிய மதிப்பை அடுத்த வரியில் தொடங்கினால், ரிட்டர்னை ஒட்டியே அரைப்புள்ளி விழுந்துவிடும். மதிப்பு வந்துசேராது, பல வேளைகளில் பிழைச்செய்தியும் வராது. ஆகவே அம்மதிப்பின் அடைப்புக்குறியை எந்த வரியில் திறப்பது என்ற கேள்விகூட இங்கே வெறும் அழகியல் சார்ந்ததாக இருக்கவில்லை.

தனிமனிதர் தீர்ப்பு

நிரலை இயக்காமலே அதன் ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டும் முறைக்கு முன்னோடி, 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு எழுதிய ‘லின்ட்’. அதன் வழியில் 2002இல் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் ஜேஎஸ்லின்ட்டை வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்டில் கையாளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்ற அவருடைய தீர்ப்பே அக்கருவியின் விதிகள். பிழையைத் தடுக்கும் விதியும் இடைவெளி பற்றிய விருப்பமும் அதில் ஒரே குரலில் ஒலித்தன; மாற்றிக்கொள்ள இடம் குறைவு.

அணியின் உரிமை

இந்த இறுக்கத்துக்கு எதிராக 2011இல் அன்டோன் கோவல்யோவ் ஜேஎஸ்லின்ட்டிலிருந்து ஜேஎஸ்ஹின்ட்டைப் பிரித்தெடுத்தார். பல விதிகளை வேண்டாமென அணைத்துவைக்க அதில் வழியிருந்தது. அணி தானே புதுவிதி எழுதிச் சேர்க்க வழியில்லை. அக்குறையை நீக்க நிக்கலஸ் ஜக்காஸ் 2013இல் ஈஎஸ்லின்ட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு விதியும் தனித்தனிச் செருகுநிரல்; எதையும் அணைக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம். இதனால் விதிமுறை என்பது அணிகளுக்கிடையே பகிரத்தக்க கோப்பாக மாறியது. ஏர்பிஎன்பி நிறுவனத்தின் விதித்தொகுப்பைப் பிற அணிகள் அப்படியே எடுத்தாண்டது இவ்வாறுதான்.

உரிமை விரிந்ததும் வாதமும் விரிந்தது. ஒற்றை மேற்கோளா, இரட்டையா, டேபா, ஸ்பேஸா என்ற சச்சரவுகள் கோட் ரிவ்யூ நேரத்தை விழுங்கின.

கருவியின் பங்கு

2017இல் ஜேம்ஸ் லாங் வெளியிட்ட பிரிட்டியர் இச்சச்சரவை வேறு வகையில் தீர்த்தது. அது நிரலின் இலக்கண அமைப்பை மட்டும் படித்துக்கொண்டு, எழுதியவர் விட்ட இடைவெளிகளைப் பெரும்பாலும் புறக்கணித்து, முழுவதையும் புதிதாக அச்சிடுகிறது. வேண்டுமென்றே விருப்பத்தேர்வுகள் குறைக்கப்பட்டன. கோ மொழியின் ‘கோஃபம்ட்’ முன்பே காட்டிய வழி இது. கிராக்ஃபோர்டின் கருவியும் கண்டிப்பானதே. ஆனால் அது குறையைச் சுட்டிவிட்டு, திருத்தும் வேலையை நிரலாளரிடம் விட்டது. பிரிட்டியர் தானே திருத்தியது. எனவே மனத்தாங்கல் குறைந்தது. 2023இல் ஈஎஸ்லின்ட் குழு தன் வடிவமைப்பு விதிகளைக் கைவிடுவதாக அறிவித்தபோது, பிழை வேறு, வடிவம் வேறு என்ற பாகுபாடு உறுதிப்பட்டது.

முடிவுரை

கருவி எட்டாத பகுதி இன்னும் உண்டு. அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்கள் 1999 முதல் வெளிவருகின்றன, 2.2ஆம் பதிப்பு 2023இல் வந்தது. படத்துக்கு மாற்றுரை இல்லையென்றால் கருவி கண்டுபிடித்துவிடும். இருக்கும் மாற்றுரை, பார்வையற்ற வாசகருக்குப் படத்தின் பொருளைச் சொல்கிறதா என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும். வடிவத்தைக் கருவியிடமும், பிழைத்தடுப்பு விதிகளை அணியின் ஒப்புதலிடமும் விட்டுவிட்டு, கோட் ரிவ்யூவை இத்தகைய கேள்விகளுக்கு ஒதுக்குவதே இவ்வரலாறு அணிகளுக்குத் தரும் நடைமுறைப் பாடம்.