மூன்று காற் பானை

மத்திய காலத்துச் சமையலறையைத் தேடி ஐரோப்பிய மண்ணைக் கிண்டுபவர்களுக்குப் பெரும்பாலும் அகப்படுவது உடைந்த சட்டி ஓடுகள்தான். சட்டி உடைந்தால் குப்பைக்குப் போகும். அந்தக் குப்பையை மண் எழுநூறு வருடம் காத்து வைத்திருக்கும். வெண்கலப் பானைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டும் தாங்காதபோது வார்ப்பவனிடம் நிறுத்துக் கொடுத்தார்கள். அவன் அதை உருக்கி வேறொன்றை வார்த்தான்.

நாம் வாழும் ஓல்போர்க் 1342 இல் நகரச் சாசனம் பெற்ற பழைய வணிகத்துறை. அல்கேட வீதியிலே லிப்றில் ஏறிக் கீழே இறங்கினால், பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்து அத்திபாரங்களையும் எலும்புக்கூடுகளையும் கிடந்த இடத்திலேயே வைத்துக் காட்டும் நிலக்கீழ் நூதனசாலை. இத்தகைய நகரங்களில் வசதியுள்ள வீடுகளின் அடுப்பில் இருந்தது மூன்று கால் வெண்கலப் பானை. ஏழைகளுக்கு மண்சட்டி. யூட்லாந்துப் பெண்கள் வனைந்த கறுப்புச் சட்டிகள் பின்னாளில் கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போயின.

அந்தப் பானையை உற்றுப் பார்த்தால் செய்தவனின் கைவேலை தெரியும். உள்ளே களிமண் கரு, வெளியே இரண்டாகப் பிளக்கும் களிமண் அச்சு, நடுவிலுள்ள இடைவெளியில் உருகிய உலோகம். அச்சு பொருந்திய இடம் பானையின் வயிற்றில் நெடுங்கோடாக நிற்கிறது. சுவாமிமலைச் சிற்பி மெழுகில் உருவம் பிடித்து மண் பூசுவது வேறு முறைதான். என்றாலும் உருக்கியதை மண் அச்சுக்குள் ஊற்றும் அந்த ஒரு கணத்தின் பதற்றம் இருவருக்கும் பொதுவானது. இங்கிலாந்துப் பானைகள் பலவற்றைப் பகுத்துப் பார்த்தபோது, செம்போடு ஈயமும் அன்ரிமனியும் தாராளமாகக் கலந்திருந்தன. கஞ்சியோடு என்னென்ன உள்ளே போயிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

உருக்குவாரின் கைக்குத் தப்பி முழுசாக எஞ்சியவற்றுள் ஒரு பகுதி, யாரோ மண்ணுக்குள் ஒளித்தவை. வட ஐரோப்பாவில் நாணயப் புதையல்கள் பல இத்தகைய பானைகளுக்குள்ளேயே கிடைத்தன. புதைத்தவர் திரும்பி வந்திருந்தால் தோண்டி எடுத்திருப்பார். நூதனசாலைக்கு எதுவும் மிஞ்சியிராது. 1534 டிசம்பரில் யொஹான் ரன்ட்சோவின் படை ஓல்போர்க்கைத் தாக்கி உட்புகுந்து கொன்று குவித்தது. அப்படியான நாட்களில் பானை எதற்கு மண்ணுக்குள் போகும் என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் பெயர்ந்தபோது எம்மவரும் கிடாரத்தையும் குத்துவிளக்கையும் வளவுக்குள் தாட்டார்கள், கிணற்றுக்குள் இறக்கினார்கள். திரும்பிப் போய் எடுத்தவர்கள் உண்டு. வேலி எது, எல்லை எது என்று தெரியாமல் நின்றவர்களும் உண்டு.

மண்ணிலிருந்து வரும் பொன்னும் வெள்ளியும் அரசனுக்கே என்று 1241 ஆம் ஆண்டின் யூட்லாந்துச் சட்டம் எழுதி வைத்தது. இன்றும் டென்மார்க்கில் இத்தகைய புதையல் அரசுக்குரியது. கண்டெடுத்தவருக்கு வெகுமதி உண்டு. புதைத்தவரைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. கவலைப்பட்டாலும் பயனில்லை. இந்த ஊர்ப் பானைகள் சிலவற்றில் வார்த்தவனின் குறி இருக்கும், சமைத்தவளின் பெயர் இராது.

எமது பாத்திரங்கள் அப்படியல்ல. கலியாண வீட்டுக்கு இரவல் போனது மாறிப் போகாமலிருக்க, விளிம்பிலே உளியால் பெயரின் முதலெழுத்துகளை வெட்டுவிப்பது எமது வழக்கம். வார்த்த கன்னாரின் பெயர் அதில் இல்லை. தாட்டு வைத்த கிடாரம் எங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் மண்வெட்டியில் தட்டுப்பட்டால், எடுப்பவர் அதில் முதலில் வாசிக்கப்போவது அந்த இரண்டு எழுத்துகளைத்தான்.